ஒரு டாலர், இருபது டாலர்: லியோன் ஃபெஸ்டிங்கரின் தலைகீழ்க் கணக்கு

காக்னிட்டிவ் டிசனன்ஸ் (மனதிலுள்ள இரண்டு எண்ணங்கள் முரண்படும்போது பிறக்கும் நெருக்கடி) என்று பேச்செடுத்தாலே "சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்" என்ற நரி வந்துவிடுகிறது. மனிதன் தான் செய்ததற்கு எப்படியும் நியாயம் கற்பித்துக்கொள்வான் என்ற முடிவும் கூடவே வந்துவிடும். விஷயம் அவ்வளவுதான் என்றால் ஸ்டான்ஃபோர்டில் ஆய்வுக்கூடம் எதற்கு? பாட்டி சொன்ன கதையே போதும்.

இந்தக் கோட்பாட்டை உருவாக்கிய அமெரிக்கச் சமூக உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் (1919–1989) சொன்னது வேறு. தனக்கு ஒவ்வாத ஒன்றை ஒருவன் சொல்லவோ செய்யவோ கொடுக்கும் கூலி எவ்வளவு குறைகிறதோ, அவன் மனம் அந்தச் செயலின் பக்கம் அவ்வளவு அதிகமாகச் சாயும். பரிசைக் கூட்டினால் நடத்தை உறுதிப்படும் என்று எலிகளையும் புறாக்களையும் வைத்து நிறுவிக்கொண்டிருந்த 1950-களின் அமெரிக்க உளவியலுக்கு இது தலைகீழ்க் கணக்கு. அவருடைய பெயர் இன்றைக்கும் நிற்பதற்குக் காரணம் இந்தத் தலைகீழ்தான். இன்று சந்தேகத்துக்கு உள்ளாகியிருப்பதும் இதே இடம்தான்.

முதலில் அந்த 1959 சோதனை. ஜேம்ஸ் கார்ல்ஸ்மித் என்ற மாணவருடன் சேர்ந்து ஃபெஸ்டிங்கர் எழுதிய கட்டுரை எட்டே பக்கம். மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர், படிப்பவர்கள் சிலர். ஸ்டான்ஃபோர்டில் உளவியல் முதல்நிலைப் பாடம் எடுத்த 71 ஆண் மாணவர்கள் வந்தார்கள். பாடத்தின் ஒரு பகுதியாகச் சில மணி நேரம் ஆய்வுகளில் பங்கேற்றாக வேண்டும் என்பது அங்கே விதி. வகுப்பிலேயே ஒரு முன்னேற்பாடு செய்து வைத்தார்கள்: எந்தெந்த ஆய்வு எப்படி இருக்கிறது என்று துறை மதிப்பிடுகிறது, அதற்காகச் சிலரைப் பிறகு பேட்டி எடுப்பார்கள் என்று அறிவித்தார்கள். கடைசி அளவீடு ஆய்வின் பகுதியாகத் தெரியாமல் இருக்க இந்த அறிவிப்பு அவசியம்.

உள்ளே போனதும் ஒரு தட்டும் 12 நூல்கண்டுக் கட்டைகளும். ஒரே கையால் அவற்றைத் தட்டில் அடுக்க வேண்டும், காலி செய்ய வேண்டும், மறுபடி அடுக்க வேண்டும். அரை மணி நேரம் இதே வேலை. அடுத்து 48 சதுர முளைகள் செருகிய பலகை. ஒவ்வொரு முளையையும் கடிகார திசையில் கால் சுற்றுத் திருப்ப வேண்டும். 48 முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. இன்னொரு அரை மணி நேரம். ஆய்வாளர் ஸ்டாப்வாட்சும் கையுமாக உட்கார்ந்து ஏதோ குறித்துக்கொண்டிருப்பார். அந்தக் குறிப்புகளால் எந்தப் பயனும் இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவில் சலிப்பு ஊட்டுவது மட்டும்தான் நோக்கம்.

பிறகுதான் உண்மையான சோதனை. ஆய்வாளர் மாணவனிடம் சொல்வார்: "இதில் இரண்டு குழு உண்டு. இன்னொரு குழுவில் இருப்பவர்களிடம் எங்கள் ஆள் முன்கூட்டியே போய், வேலை சுவாரசியமாக இருந்தது என்று சொல்லி வைப்பார். இன்று அவர் வரவில்லை. வெளியே ஒரு பெண் காத்திருக்கிறார். நீங்கள் சொல்ல முடியுமா? பின்னால் தேவைப்பட்டாலும் கூப்பிடுவோம்." இதற்குக் கூலி சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். அன்றைய 20 டாலர் இன்றைய மதிப்பில் 200 டாலருக்கும் மேல். வெளியே இருக்கும் பெண்ணும் ஆய்வின் ஆள்தான். போன வாரம் வந்த தோழி ஒருத்தி சலிப்பாக இருந்தது என்றாளே என்று அவர் இடையில் ஒரு வார்த்தை போட வேண்டும். அப்போது மாணவன் மறுத்துப் பேசியாக வேண்டும். பொய்யை அவன் வாயாலேயே உறுதிப்படுத்த வைக்கும் இடம் அது. இந்த உரையாடல் முழுவதையும் ரகசியமாக டேப்பில் பதிந்தார்கள். கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் பொய்யும் இல்லை, பணமும் இல்லை. முளை திருப்பி முடித்ததும் நேராகப் பேட்டி. பேட்டி எடுத்தவருக்கு எதிரே இருப்பவன் எந்தக் குழு என்று தெரியாது. முடிந்ததும் உண்மையைச் சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், எல்லோரும் கொடுத்துவிட்டார்கள்.

குழுவுக்கு 20 பேர். −5 முதல் +5 வரையிலான அளவுகோலில், வேலை எவ்வளவு சுவாரசியம் என்ற கேள்விக்குச் சராசரி: கட்டுப்பாட்டுக் குழு −0.45, இருபது டாலர் −0.05, ஒரு டாலர் +1.35. தலைகீழ்க் கணக்கு இதுதான். பொய் சொல்ல 20 டாலர் வாங்கியவனுக்கு "காசுக்காகச் சொன்னேன்" என்ற காரணம் கையிலேயே இருக்கிறது. ஒரு டாலர் அந்த அளவுக்குப் போதாது. அதனால் அவன், வேலை அப்படியொன்றும் மோசமில்லை என்ற பக்கம் நகர்கிறான்.

இந்தக் கட்டுரையைப் பாடம் எடுப்பவர்கள் பலர் தாண்டிப் போகும் இரண்டு இடங்கள் உண்டு. 71 பேரில் 11 பேரின் தரவு கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஐந்து பேருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இரண்டு பேர் அந்தப் பெண்ணிடமே வேலை சலிப்பானது, என்னைக் காசு கொடுத்துச் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள் என்று போட்டு உடைத்துவிட்டார்கள். மூன்று பேர் பணத்தை வாங்க மறுத்தார்கள். மீதி ஒருவர் அவளுடைய தொலைபேசி எண்ணைக் கேட்டு, பிறகு கூப்பிட்டு விளக்குகிறேன் என்றதோடு, அவள் வெளியே வரும்வரை காத்திருக்கவும் தயாரானார். நீக்கப்பட்டவர்களில் ஒரு டாலர் குழுவில் 7, இருபது டாலர் குழுவில் 4. குலுக்கிப் பிரித்த பிறகு ஆட்களை இப்படி எடுத்தால் குழுக்கள் ஒப்பிடத் தக்கவையாக மிஞ்சுகின்றனவா என்பது நியாயமான கேள்வி. பொய் உறுத்தியவர்கள்தான் அதிகம் வெளியேறியிருக்கிறார்கள்.

இரண்டாவது, எண்கள். 20 பேர் முழு எண்ணில் மதிப்பெண் கொடுத்தால் சராசரி 0.05-இன் மடங்காகத்தான் வர முடியும். மேலே உள்ள மூன்று சராசரிகளும் இதற்குப் பொருந்துகின்றன. ஆனால் அதே அட்டவணையில் கட்டுப்பாட்டுக் குழுவின் வேறு இரண்டு எண்கள் 3.08, −0.62, இருபது டாலர் குழுவில் ஒன்று 5.18. மூன்றையும் 20-ஆல் பெருக்கிப் பாருங்கள், முழு எண் வராது. நிக் பிரவுனும் ஜேம்ஸ் ஹீதர்ஸும் 2016-ல் பிரபலப்படுத்திய கிரிம் சோதனை இந்தப் பெருக்கல்தான். மோசடி என்று குதிக்க வேண்டியதில்லை. பேட்டியில் யாராவது "இரண்டரை" என்று சொல்லி அதை அப்படியே குறித்திருந்தால் சராசரி 0.025-இன் மடங்காகும், 3.075, 5.175, −0.625 ஆகிய மூன்றையும் இரட்டைப்படை இலக்கத்துக்குச் சுருக்கும் பழைய முறைப்படி சுருக்கினால் அட்டவணையில் இருப்பதே வருகிறது. மூல மதிப்பெண்கள் இல்லாமல் இதை முடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் மொத்தக் கோட்பாட்டுக்கும் முகமாக நிற்கும் முடிவு, குழுவுக்கு 20 பேர் என்ற மெல்லிய தரவில் நான்கு கேள்விகளில் ஒன்றை நம்பித்தான் நிற்கிறது. ஆய்வின் அறிவியல் மதிப்பு என்ன, எவ்வளவு கற்றுக்கொண்டாய் என்ற கேள்விகளில் வலுவான வேறுபாடு இல்லை. கற்றது பற்றிய கேள்வியில் வேறுபாடு வராது என்று ஆசிரியர்களே எதிர்பார்த்தார்கள்.

இவ்வளவு நுணுக்கமாக நாடகம் போடத் தெரிந்தவர் சமூக உளவியலை விரும்பி அதற்குள் வரவில்லை. நியூயார்க் சிட்டி காலேஜில் 1939-ல் பட்டம் வாங்கிவிட்டு, அயோவாவில் உளவியலாளர் கர்ட் லெவினிடம் போய்ச் சேர்ந்தார். மனிதன் தனக்கென்று வைத்துக்கொள்ளும் இலக்கு வெற்றி தோல்விக்கேற்ப எப்படி ஏறி இறங்குகிறது என்பதில்தான் அவருக்கு ஈர்ப்பு. அவர் போய்ச் சேர்ந்த நேரத்தில் லெவின் குழுக்களின் பக்கம் திரும்பிவிட்டார். முனைவர் பட்டம் 1942-ல். போர்க்காலத்தில் ராச்செஸ்டரில் விமானிகள் தேர்வுக்கான புள்ளியியல் வேலை. இரண்டு குழுக்களைத் தரவரிசை கொண்டு ஒப்பிடும் ஒரு முறையை 1946-ல் அவரும் தனியாக வெளியிட்டார். இன்று மான்–விட்னி என்ற பெயரில் பாடப்புத்தகங்களில் இருப்பதன் உறவு அது.

1945-ல் லெவின் எம்.ஐ.டி.யில் குழு இயக்க ஆய்வு மையம் தொடங்கியபோது ஃபெஸ்டிங்கரும் போனார். போரிலிருந்து திரும்பிப் படிக்க வந்த திருமணமான மாணவர்களுக்கான வெஸ்ட்கேட் குடியிருப்புதான் அவருக்கு வாய்த்த முதல் பெரிய களம். ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகியோருடன் சேர்ந்து அங்கே யார் யாருக்கு நண்பர் என்று கேட்டார். இரண்டு மாடிக் கட்டடங்கள், மாடிக்கு ஐந்து வீடு, கதவுக்குக் கதவு சுமார் 19 அடி. அடுத்த வீட்டுக்காரர் நண்பராகத் தேர்வு பெறும் வாய்ப்பு 41%. ஒரு வீடு தள்ளி 22%. வராந்தாவின் இரு கோடிகளுக்கிடையே 10%. குணம், ரசனை எல்லாம் அப்புறம். படிக்கட்டு எங்கே இறங்குகிறது என்பதே நட்பைத் தீர்மானித்தது. மாடிக்குப் போகும் படிக்கட்டின் காலடியில் குடியிருந்தவர்களுக்கு மேல்மாடி நண்பர்கள் அதிகம்.

லெவின் 1947-ல் திடீரென இறந்தார். மையம் மிச்சிகனுக்கு மாறியது. ஃபெஸ்டிங்கர் 1951-ல் மின்னசோட்டாவுக்கும் 1955-ல் ஸ்டான்ஃபோர்டுக்கும் போனார். இடையில் 1954-ல் வந்தது சமூக ஒப்பீட்டுக் கோட்பாடு: தன் திறமையையும் கருத்தையும் அளக்கப் புறவயமான அளவுகோல் இல்லாதபோது மனிதன் மற்றவர்களோடு, அதுவும் தன்னைப்போன்றவர்களோடு, ஒப்பிட்டுக்கொள்கிறான். இன்ஸ்டாகிராமும் மனச்சோர்வும் பற்றிய இன்றைய கட்டுரைகளில் பாதி இதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் அந்தக் கோட்பாட்டின் மையம் நம்மைப்போன்றவரோடு ஒப்பிடுவது. பிரபலங்களைப் பார்த்துப் பொறாமைப்படுவதைப் பற்றி அதில் பேச்சு குறைவு.

டிசனன்ஸ் கோட்பாட்டின் விதை பீகாரிலிருந்து போனது. தொடர்பாடலும் சமூகத் தாக்கமும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துத் தரச் சொல்லி ஃபோர்ட் அறக்கட்டளை வழியாக ஒரு பணி வந்தபோது, பாட்னாவைச் சேர்ந்த ஜமுனா பிரசாத்தின் கட்டுரை ஃபெஸ்டிங்கரின் கண்ணில் பட்டது. 1934 ஜனவரி 15 பீகார்–நேபாள நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதிர்வை உணர்ந்தும் சேதம் காணாத பகுதிகளில் பரவிய வதந்திகளை பிரசாத் சேகரித்திருந்தார். பாட்னாவைப் பெரும்புயல் தாக்கும், சந்திர கிரகணத்தன்று மறுபடி பூமி அதிரும் என்றெல்லாம் பேச்சு. பயந்து போயிருக்கும் மக்கள் பயத்தைத் தணிக்கும் கதையைப் பரப்பாமல் இன்னும் பயங்கரமான கதையை ஏன் பரப்ப வேண்டும்? ஃபெஸ்டிங்கரின் விடை: அவர்களுக்குப் பயம் இருந்தது, பயப்படக் கண்ணெதிரே காரணம் இல்லை. வதந்தி அந்தக் காரணத்தைக் கொடுத்தது. ஒப்பிட்டுப் பார்க்க துர்கானந்த் சின்ஹாவின் டார்ஜிலிங் நிலச்சரிவு ஆய்வு இருந்தது. அங்கே மக்கள் சேதத்தின் நடுவிலேயே இருந்தார்கள். வரப்போகும் பேரழிவு பற்றிய அத்தகைய வதந்திகள் கிளம்பவில்லை. அமெரிக்கப் பாடப்புத்தகங்கள் இந்த இரண்டு இந்தியர்களையும் ஓர் அடிக்குறிப்பாகக்கூட வைப்பதில்லை என்பது என் வருத்தம்.

1957-ல் புத்தகமாக வந்த கோட்பாட்டின் எலும்புக்கூடு சிறியது. ஒருவன் மனதிலுள்ள இரண்டு அறிதல்களில் (தன்னைப் பற்றியோ தன் செயலைப் பற்றியோ உலகைப் பற்றியோ அவன் அறிந்தவை, நம்புபவை) ஒன்று மற்றதற்கு எதிராகப் போனால் ஒரு நெருக்கடி பிறக்கிறது. அது பசிபோல் தணிப்பைத் தேடும். நெருக்கடியின் அளவு ஒரு விகிதம்: முரணான அறிதல்களை மேலே போட்டு, முரணானவை, ஒத்துப்போகிறவை இரண்டின் கூட்டுத்தொகையைக் கீழே போட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதன் முக்கியத்துவத்துக்கேற்ற எடை உண்டு. 20 டாலர் இந்த விகிதத்தின் கீழ்ப்பகுதியில் சேரும் கனமான ஓர் அறிதல், அதனால் விகிதம் சுருங்குகிறது. தணிக்கும் வழிகள்: செயலை மாற்றலாம், கருத்தை மாற்றலாம், ஒத்துப்போகும் புதிய அறிதல்களைச் சேர்க்கலாம், அல்லது விஷயமே அற்பம் என்று தள்ளிவிடலாம். எந்த வழியை எவர் எப்போது எடுப்பார் என்று கோட்பாடு தெளிவாகச் சொல்லாது. இதன் பெரிய ஓட்டை இதுவே.

இதற்கு ஓராண்டு முன்பே, ஷாக்டர், ஹென்ரி ரீக்கன் ஆகியோருடன் சிகாகோ அருகே ஒரு சிறு குழுவுக்குள் ஃபெஸ்டிங்கரின் ஆட்கள் மறைமுகமாக நுழைந்த கதை புத்தகமாகிவிட்டது. 1954 டிசம்பர் 21-ல் பெருவெள்ளம் வரும், பறக்கும் தட்டு வந்து நம்பிக்கையாளர்களைக் காப்பாற்றும் என்று நம்பிய குழு அது. வெள்ளம் வரவில்லை, அதன் பிறகு அவர்கள் முன்னைவிட முனைப்பாகப் பிரச்சாரம் செய்தார்கள் என்பது நூலின் வாதம். அந்தச் சின்னக் கூட்டத்தில் கணிசமான பேர் ஆய்வாளர்களின் ஆட்கள் என்ற விமர்சனம் வெகுகாலமாக உண்டு. ஆவணக்காப்பகத் தாள்களை வைத்து 2025-ல் வெளிவந்த ஆய்வு இன்னும் கடுமையானது: ஆய்வாளர்களே சம்பவங்களை நகர்த்தினார்கள், குழுவும் நூல் காட்டுவதுபோல நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை என்று அது வாதிடுகிறது. டிசனன்ஸுக்குச் சான்றாக இந்தக் கதையை இனி வகுப்பில் வைக்கக் கூடாது என்பது என் கருத்து.

ஆய்வுக்கூடச் சான்றுகளின் கதை இன்னும் சுவாரசியம், ஏனென்றால் அங்கே எதிர்ப்பு உடனே வந்தது. 20 டாலர் மாணவன் சந்தேகப்பட்டிருப்பான், தன்னை எடைபோடுகிறார்கள் என்று நினைத்திருப்பான் என்றார் மில்டன் ரோசன்பெர்க் (1965). கூலியையும் அளவீட்டையும் வேறு வேறு ஆட்கள் கையில் கொடுத்தபோது அவருடைய சோதனையில் பணம் கூடக்கூடக் கருத்து மாற்றமும் கூடியது. 1967-ல் லிண்டர், கூப்பர், ஜோன்ஸ் மூவரும் புதிரை அவிழ்த்தார்கள்: மறுக்க முடியும் என்ற உணர்வு இருந்தால் தலைகீழ், இல்லாவிட்டால் நேர்க்கணக்கு. அதற்கு முந்தைய ஆண்டு கார்ல்ஸ்மித்தும் சகாக்களும், ஒருவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னால் தலைகீழ், பெயரில்லாத கட்டுரையாக எழுதினால் நேர்க்கணக்கு என்று காட்டியிருந்தார்கள். இந்த முடிவைப் பிறகு வந்தவர்கள் பலர் மறந்துபோனார்கள்.

டேரில் பெம் 1967-ல் அடித்தளத்தையே அசைத்தார். நெருக்கடியும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். மனிதன் தன் செயலை வெளியாள்போலப் பார்த்து, "ஒரு டாலருக்கே சொன்னேன் என்றால் பிடித்திருக்கத்தான் வேண்டும்" என்று ஊகிக்கிறான் என்றார். சோதனையின் விவரிப்பை மட்டும் கேட்டவர்களும் அதே வரிசையில் ஊகித்தார்கள். பதில் 1974-ல் ஒரு வெற்று மாத்திரை வடிவில் வந்தது. மார்க் ஸன்னாவும் ஜோயல் கூப்பரும் அதைக் கொடுத்து, சிலரிடம் இது படபடப்பு தரும் என்றார்கள். சிலரிடம் இது அமைதி தரும் என்றார்கள். படபடப்பை மாத்திரையின்மேல் போட முடிந்தவர்களிடம் கருத்து மாற்றம் மறைந்தது; அமைதி எதிர்பார்த்தவர்களிடம் அது கூடியது. உள்ளே ஏதோ படபடப்பு இல்லாமல் இது நடக்காது. என் பார்வையில் இந்தப் பாரம்பரியத்தின் மிக அழகான சோதனை 1959-இல் நடந்தது அல்ல, இதுதான்.

ஜாக் பிரெம் 1956-ல் தொடங்கிய இன்னொரு வகைச் சோதனை இருக்கிறது. பொருள்களுக்கு மதிப்பெண் போடு, ஏறக்குறைய சமமான இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு, மறுபடி மதிப்பெண் போடு. எடுத்தது ஏறும், விட்டது இறங்கும். ஐம்பது ஆண்டு கழித்து, 2010-ல், கீத் சென், ஜேன் ரைசன் இருவரும் கணக்கிலுள்ள பிசகைக் காட்டினார்கள். முதல் மதிப்பெண்ணில் எப்போதும் தடுமாற்றம் உண்டு; தேர்வு என்பது உண்மையான விருப்பம் பற்றிய இன்னொரு தகவல். தேர்ந்தெடுத்ததை அடிப்படையாக வைத்துப் பிரித்தால், மனம் மாறாவிட்டாலும் இடைவெளி விரியும். தீர்வு எளிது: இரண்டு மதிப்பெண்ணும் போட்ட பிறகு தேர்வு செய்யும் ஒரு குழுவை வைத்து, அதில் வரும் விரிவைக் கழிக்க வேண்டும். இந்தக் குழு இல்லாத பழைய ஆய்வுகளின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது.

பெரிய அடி 2024-ல். 19 நாடுகளின் 39 ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 4,898 பேரிடம், கல்விக் கட்டண உயர்வை ஆதரித்து எழுதவைக்கும் வடிவத்தைச் சோதித்தன. மறுக்கும் உரிமையை வலியுறுத்திய குழுவுக்கும் வலியுறுத்தாத குழுவுக்கும் இடையே எதிர்பார்த்த வேறுபாடு வரவில்லை. எதிர்க்கருத்தை எழுதியவர்கள் பொதுவான தலைப்பில் எழுதியவர்களைவிட மாறினார்கள், அவ்வளவுதான். ஆனால் சோதிக்கப்பட்டது கட்டுரை எழுதும் வடிவம். 1959-இன் நேருக்கு நேர் பொய் இன்னும் அந்த அளவில் சோதிக்கப்படவில்லை.

ஃபெஸ்டிங்கர் இந்தச் சண்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு இருக்கவே இல்லை. 1964-க்குப் பிறகு கண் அசைவும் பார்வையும் பற்றிய ஆய்வுக்குப் போனார். 1968-ல் நியூயார்க்கின் நியூ ஸ்கூலுக்கு மாறினார். 1979-ல் ஆய்வுக்கூடத்தை மூடிவிட்டுத் தொல்மனிதர்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கினார். மாணவர்கள்தான் கடையை நடத்தினார்கள். இருபதாம் நூற்றாண்டின் முக்கிய உளவியலாளர்கள் என்று 2002-ல் வெளியான தரவரிசையில் ஸ்கின்னர், பியாஜே, ஃப்ராய்ட், பண்டூராவுக்கு அடுத்து ஐந்தாவதாக ஃபெஸ்டிங்கர். ஏழாவதாக அவர் மாணவர் ஷாக்டர். இன்னொரு மாணவர் எலியட் ஆரன்சன் கோட்பாட்டைத் தன்மதிப்பின் பக்கம் திருப்பினார். அதன் நடைமுறைப் பயன் 1992-ல் கலிஃபோர்னியாவின் சாண்டா க்ரூஸ் வளாகக் குளியலறையில் தெரிந்தது. நீச்சல் முடித்து வரும் பெண்களைத் தண்ணீர் சேமிக்கச் சொல்லும் சுவரொட்டியில் கையெழுத்திடவைத்து, அவர்கள் தண்ணீரை வீணாக்கிய தருணங்களையும் நினைவூட்டினார்கள். இரண்டும் சேர்ந்தபோது குளியல் நேரம் சுமார் 220 வினாடி. எதுவும் செய்யாத குழுவில் சுமார் 300.

முதுகலை ஆய்வுக்காக யாராவது, ஒவ்வாததைச் சொல்லவோ எழுதவோ வைக்கும் இந்தக் கட்டாய இணக்கச் சோதனையை மறுபடி செய்யப் போனால் கவனிக்க வேண்டியவை சில. கட்டுரை எழுதவைப்பதைத் தவிர்த்து, எதிரே ஓர் ஆளை நிறுத்துங்கள். அந்த ஆள் நம்பிவிட்டதாகப் பேசுபவருக்குத் தெரிய வேண்டும். "உங்கள் விருப்பம்" என்று ஒரு முறை சொல்லிவிட்டுப் போனால் சுதந்திர உணர்வு வராது. அது வந்ததா என்று தனிக்கேள்வியால் அளங்கள். அதே சமயம் மறுப்பவர் எண்ணிக்கை இரு குழுக்களிலும் சமமாக இருக்கிறதா என்று எண்ணி எழுதுங்கள், யாரையும் நீக்காமல் ஒரு கணக்கும் போடுங்கள். கருத்து அளவீடுதான் முதல் கேள்வி. அதற்கு முன் மனநிலையையோ தலைப்பின் முக்கியத்துவத்தையோ கேட்டால் பங்கேற்பவர் அந்த வழியாகவே நெருக்கடியைத் தணித்துவிடுவார். குழுவுக்கு 20 பேர் போதாது. அறநெறிக் குழு இந்த ஏமாற்றுக்கு அனுமதி தருமா என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள், கொடுத்த பணத்தைத் திரும்ப வாங்கும் பகுதியையும் விட்டுவிடுங்கள்.